பிரேக் மிதி கல்லாய் இறுகினால்

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செபராங் பிறையிலிருந்து கடலைக் கடந்து இங்கு வந்திருக்கும் உங்கள் அனைவரையும் வரவேற்கிறேன். 1985ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நம் போக்குவரத்தை மாற்றி அமைத்தன. ஜூலை மாதத்தில் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. செப்டம்பர் மாதத்தில் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் சைக்கிளும் லோரியும் மட்டுமே கண்ட லயத்து வாசல்களில் இன்று பழைய கார் ஒன்றேனும் நிற்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் ஏறி நாள்தோறும் சென்று திரும்புகிறார்கள். பால்மரத்தோடு இருந்த நம் உறவில் சாலையும் வந்து சேர்ந்துகொண்டது. ஆகவே சாலையில் செல்லும் வண்டி நிற்குமா என்னும் கேள்வி நம் வீட்டுக் கேள்வியாகிவிட்டது.

"பிரேக் பிடிக்கவில்லை." விபத்து நேர்ந்த இடத்தில் ஓட்டுநர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் பெரும்பாலும் இதுவே. அதைக் கேட்பவர் உள்ளத்தில் முதலில் எழுவதோ ஐயம். குடித்திருப்பான், கண் அயர்ந்திருப்பான், கண்மூடித்தனமான வேகத்தில் வந்திருப்பான் என்று கூடிநிற்பவர்கள் அங்கேயே தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். பல வேளைகளில் அத்தீர்ப்பு சரியாகவும் இருக்கக்கூடும்; அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த ஓட்டுநர் சொன்னது உண்மையாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது? அச்சொல்லைப் பொய்யென்று தள்ளிவிடாமல், எழுதி வைத்துக்கொண்டு, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்த ஓர் அரசாங்கத்தின் அனுபவத்தை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்னும் அரசாங்க அமைப்பு 1970ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. அந்நாட்டில் வண்டி வைத்திருக்கும் எவரும் தம் வண்டியில் கண்ட குறையை அதனிடம் எழுதித் தெரிவிக்கலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. அமைப்பின் அதிகாரிகள் வந்து குவியும் முறையீடுகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒரே வகை வண்டியில், ஒரே வகைக் குறை, வெவ்வேறு ஊர்களிலிருந்து வருமானால் முதற்கட்ட விசாரணையைத் தொடங்குகிறார்கள். வண்டி செய்த நிறுவனத்திடம் பழுதுக் கணக்கையும் விபத்துக் கணக்கையும் கேட்டு வாங்குகிறார்கள். ஐயம் வலுத்தால், பொறியியல் ஆய்வு என்னும் இரண்டாம் கட்டத்திற்குச் செல்கிறார்கள்.

2018ஆம் ஆண்டு நவம்பரில் அத்தகைய விசாரணை ஒன்று தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பெரிய பிக்கப் வண்டிகளும் குடும்ப வண்டிகளும் விசாரணைக்கு உள்ளாயின. முறையிட்டவர்கள் கூறியது ஏறக்குறைய ஒன்றே: "மிதி திடீரென இறுகிப் போகிறது, முழு வலிமையோடு மிதித்தாலும் வண்டி நிற்பதற்கு நெடுந்தூரம் ஆகிறது." பத்து மாதங்களுக்குப் பின், 2019 செப்டம்பரில், அந்நிறுவனம் 2014 முதல் 2018 வரையிலான மாதிரிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 34 இலட்சத்து 60 ஆயிரம் வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழுது நீக்கித் தர முன்வந்தது. அக்குறையோடு தொடர்புடையனவாக 113 விபத்துகளும், அவற்றில் 13 பேருக்கு நேர்ந்த காயங்களும் அப்போது கணக்கில் வந்திருந்தன. அந்த 113 ஓட்டுநர்களுள் எத்தனை பேரை அக்கம்பக்கத்தார் குடிகாரர் என்றும் கவனக்குறைவுக்காரர் என்றும் ஏசியிருப்பார்களோ!

அவ்வண்டிகளை நம் சாலைகளில் நாம் பெரும்பாலும் காண்பதில்லை. ஆனால் அவற்றில் பழுதடைந்த கருவியின் வேலையை, நம் சாகாவிலும் கஞ்சிலிலும் மைவியிலும் கூடக் காணலாம். அதனை விளக்குவதற்கு ஒரு வகுப்பறைச் சோதனையே போதும்.

கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் ஊற்றி, அதன் வாயை ஓர் அட்டையால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்தால், தண்ணீர் கீழே கொட்டுவதில்லை. வெளியிலுள்ள காற்று அட்டையை மேல்நோக்கித் தாங்கிக்கொள்கிறது. ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் இதனை ஒருமுறையேனும் செய்து காட்டி, மேசையையும் நனைத்திருப்பார். நம்மைச் சூழ்ந்த காற்று, ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் ஏறத்தாழ 14.7 இராத்தல் எடையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் அழுத்துவதால் நாம் அதனை உணர்வதில்லை. ஒரு பக்கத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் மறுபக்கத்தின் வலிமை வெளிப்படுகிறது. உறிஞ்சுகுழலில் இளநீர் மேலேறி வருவதும் இதனாலேயே.

காரின் பிரேக்கும் இவ்வலிமையையே துணைக்கொள்கிறது. ஓட்டுநருக்கு முன்னே, இயந்திர அறையின் சுவரில், குண்டான் மூடி போன்ற உருண்டையான ஒரு தகரப் பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். பட்டறைக்காரர்கள் இதனை பூஸ்டர் என்பார்கள். அதற்குள்ளே ரப்பர்த் திரை ஒன்று உண்டு. திரையின் இரு பக்கமும் காற்று குறைந்த நிலையில் இருக்கும். நாம் மிதித்த மாத்திரத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் வெளிக்காற்று நுழைகிறது, திரை தள்ளப்படுகிறது, நம் காலோடு சேர்ந்து அதுவும் பிரேக்கை அழுத்துகிறது. பத்து அங்குல விட்டமுள்ள திரையின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர அங்குலம். இரு பக்கத்துக்கும் இடையே சதுர அங்குலத்துக்குப் பத்து இராத்தல் வேறுபாடு இருக்குமானால், ஏறத்தாழ 780 இராத்தல் விசை கிடைக்கிறது. ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் ஏழினைத் தூக்கி வைத்ததற்கு அது சமம். இத்துணை பெரிய துணைவன் ஒருவன் நம் காலடியில் வேலை செய்வதை, அவன் வேலையை நிறுத்தும் வரையில் நாம் அறிவதேயில்லை.

பெட்ரோல் இயந்திரம் மூச்சிழுக்கும்போதே அப்பெட்டியிலுள்ள காற்றையும் ஒரு ரப்பர்க் குழாய் வழியாக உறிஞ்சிவிடுகிறது. டீசல் இயந்திரத்தில் அவ்வுறிஞ்சல் போதாது. ஆகவே தனிப் பம்பு ஒன்று வைக்கப்படுகிறது. அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளிலும் அத்தகைய பம்பே காலப்போக்கில் உறிஞ்சும் திறனை இழந்து வந்தது. அவ்வண்டிகளின் கணினி நிரலைத் திருத்தி, பம்பு தளர்ந்தபோது வேறு வகையில் பிரேக்கிற்கு உதவி கிடைக்கச் செய்தார்கள்.

ரப்பரைப் பற்றி உங்களுக்கு நான் கற்பிக்க முற்படுவது பூக்கடைக்காரரிடம் பூவின் மணம் கூறுவதாகும். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். பூஸ்டரின் திரை, உறிஞ்சும் குழாய், பிரேக் எண்ணெயை அடைத்து நிற்கும் சிறு வளையங்கள் ஆகிய யாவும் ரப்பரால் ஆனவை. முற்காலத்தில் இயற்கை ரப்பர். இப்போது பெரும்பாலும் செயற்கை ரப்பர். மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் ஊதிக் கொழகொழவென்று ஆவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பிரேக் எண்ணெய்ப் புட்டியில் எண்ணெய் குறைந்தது என்று கண்டவுடன், கைக்குக் கிடைத்த இயந்திர எண்ணெயை ஊற்றுபவர் உண்டு. பிரேக் எண்ணெய் வேறு இனம். இயந்திர எண்ணெய் வேறு இனம். பின்னது பட்டால் அவ்வளையங்கள் ஊதித் தளர்ந்து, தம் வேலையைச் செய்ய இயலாமற் போகின்றன. பெயர் தெரியாத எண்ணெயை அப்புட்டியில் ஊற்றிய ஒரு நிமிடச் சிக்கனம், ஒரு குடும்பத்தின் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

ஈரமும் இக்கருவிக்குப் பகையே. 2022ஆம் ஆண்டு ஜூனில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம், 2004க்கும் 2015க்கும் இடையே செய்யப்பட்ட 9 இலட்சத்து 93 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை உலகெங்கும் திரும்ப அழைத்தது. அவ்வறிவிப்பை வெளியிட்டது ஜெர்மன் நாட்டின் மோட்டார் வாகன அரசு அலுவலகம். பூஸ்டர்ப் பெட்டியின் மேலிருந்த ரப்பர் உறைக்கு அடியில் நீர் தங்கி, பெட்டியின் இணைப்பை உள்ளுக்குள்ளேயே துரு அரிக்கக்கூடும் என்பது காரணம். பெட்டி கசிந்தால் காற்றுக் குறைவு நிலைபெறாது; மிதி இறுகும். இத்துணை விலையுயர்ந்த கார்களே ஈரத்துக்குத் தப்பவில்லையென்றால், ஆண்டு முழுதும் மழையைக் காணும் நம் நாட்டில், மரத்தடியில் நிற்கும் இருபது வயதுக் கார் மட்டும் தப்புமென்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

நிற்க. நம் நாட்டில் இத்தகைய விசாரணை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் அது பெரும்பாலும் உயிர்கள் பல போன பின்னரே நம் கவனத்துக்கு வருகிறது. 2013 ஆகஸ்டு 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கி வந்த பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்தது. அதிலிருந்த 53 பேரில் 37 பேர் மாண்டனர். அவ்விபத்தை ஆராய்வதற்குத் தான்ஸ்ரீ லீ லாம் தாய் தலைமையில் தனிக்குழு அமைக்கப்பட்டது. 2007இல் நிறுவப்பட்ட மிரோஸ் என்னும் மலேசிய சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமும் இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து வருகிறது. கெந்திங் பேருந்தின் பிரேக் நல்ல நிலையில் இல்லை என்பது அவ்விசாரணையில் வெளிவந்த குறைகளுள் ஒன்று. பெரிய பேருந்துகளிலும் லோரிகளிலும் காற்றை உறிஞ்சுவதற்குப் பதில், காற்றை அழுத்தி வைத்துப் பயன்படுத்துகிறார்கள். முறை வேறு, நாம் நம்பியிருப்பது காற்றையே. 2025 ஜூன் 9 அன்று கிரிக் அருகே பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் பேருந்து விபத்தில் இறந்த துயரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கும் போக்குவரத்து அமைச்சு சிறப்புப் பணிக்குழுவை அமைத்தது.

பேருந்து, லோரி முதலிய வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. 1994 முதல் புஸ்பாகோம் நிறுவனமே தனித்து அச்சோதனையைச் செய்து வந்தது. அதன் தனியுரிமை 2024 ஆகஸ்டு முடிவில் காலாவதியானதும் வேறு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. ஆனால் உங்கள் வீட்டுக் காருக்கு அத்தகைய தவணைச் சோதனை கிடையாது. பெயர் மாற்றும்போது சோதிக்கிறார்கள். பின்னர் அடுத்தவருக்கு விற்கும் வரையில் அதன் பூஸ்டரை எந்த அதிகாரியும் பார்க்கப்போவதில்லை.

அதிலும் நம்மவரிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. பெயரை மாற்றாமலேயே பழைய காரைக் கைமாற்றிக் கொள்கிறோம். கட்டணம் மிச்சம் என்பது கணக்கு. நிறுவனம் ஒன்று வண்டியைத் திரும்ப அழைக்கும்போது, பதிவில் உள்ள உரிமையாளரின் முகவரிக்கே கடிதம் செல்லும். ஈப்போவிலோ சிரம்பானிலோ இருக்கும் முதல் உரிமையாளர் அதனைக் குப்பையில் எறிந்திருப்பார். இலவசமாக மாற்றித் தரவேண்டிய உதிரி உங்கள் காரில் பழுதோடு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பெயர் மாற்றாதவர்கள் முதலில் அதனைச் செய்யுங்கள். பல நிறுவனங்கள், வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொண்டு அது திரும்ப அழைக்கப்பட்டதா என்று இணையத் தளத்தில் பார்க்கும் வசதியைத் தந்துள்ளன. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளை ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

இனி, மிதி பேசும் மொழியை அறிந்துகொள்வோம். மிதி கல்லைப்போல் இறுகினால் பூஸ்டரின் உதவி போய்விட்டது என்று பொருள். மாறாக, மிதி சேற்றில் கால் வைத்தாற்போல் கீழே அமிழ்ந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது, அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு நோய், மருந்தும் வேறு. அமிழும் மிதியை விரைந்து பலமுறை மிதித்தால் ஓரளவு பிடிப்புக் கிடைக்கலாம். இறுகிய மிதியைப் பலமுறை மிதிக்கவே கூடாது. பெட்டியில் எஞ்சியிருக்கும் உதவி ஒன்றிரண்டு மிதிகளுக்கே போதும். விட்டுவிட்டு மிதித்தால் அதுவும் வீணாகும். முழு வலிமையோடு ஒரே மூச்சாக மிதித்துக் காலை எடுக்காமல் இருக்க வேண்டும். தேவையானால் இரு கால்களாலும் மிதிக்கலாம். கியரைப் படிப்படியாகக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். வண்டி முற்றிலும் நிற்கும் வரை இயந்திரத்தை நிறுத்தக் கூடாது.

இறுதியாகச் சொன்னது இத்தீவில் மிக முக்கியம். பாயா தெருபோங் பக்கமிருந்து பாலிக் புலாவுக்கு மலையேறி இறங்கும் துன் சார்டோன் சாலையையும், தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு வளைந்து வளைந்து செல்லும் சாலையையும் நீங்கள் அறிவீர்கள். இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறேன் என்று இயந்திரத்தை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடுபவர்கள் இருக்கிறார்கள். இயந்திரம் நின்றால் மூச்சிழுப்பதும் நின்றது. முதல் வளைவில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். இரண்டாவதில் சுமாராகப் பிடிக்கும். மூன்றாம் வளைவில் மிதி கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். மிச்சமான பெட்ரோலின் விலை சில காசு. இயந்திரம் ஓடும்போதும் நியூட்ரலில் இறங்கலாகாது. தாழ்ந்த கியரே வண்டியைப் பிடித்து நிறுத்த உதவும். இடைவிடாது பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

தோட்டத்து லோரியிலோ வேனிலோ வேலைக்குச் செல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரேக் சரியில்லை என்று டிரைவர் அண்ணன் கூறும்போது, "நேற்று ஓடிய வண்டிதானே, ஏறு" என்று சொல்வது மேற்பார்வையாளருக்கு அழகன்று, சட்டத்துக்கும் உகந்ததன்று. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் கடமையை வரையறுத்துள்ளது. 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 26ஏ பிரிவு, உடனடி ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் தெரிவித்தும் அவர் ஆவன செய்யாவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையை வழங்குகிறது. அவ்வாறு விலகியதற்காக அவரைத் தண்டிக்கலாகாது. இந்த உரிமையைத் தொழிற்சங்கக் கிளைக் கூட்டங்களில் எடுத்துப் பேசுங்கள்; நன்றாகத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

குறை கண்டவர் செய்ய வேண்டியதைக் கூறுகிறேன். பட்டறையில் சரிசெய்துகொண்டு மறந்துவிடுவதே நம் வழக்கம். அமெரிக்காவில் அவ்விசாரணை பிறந்தது, மறந்துவிடாமல் எழுதியவர்களாலேயே. வண்டியின் எண், சேசிஸ் எண், நாள், இடம், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, மிதி இறுகியதா அமிழ்ந்ததா, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததா, ஏற்றமா இறக்கமா, மழையா வெயிலா ஆகியவற்றை அன்றே ஒரு தாளில் குறித்து வையுங்கள். பட்டறைக்காரர் கழற்றிய பழைய உதிரியைக் கேட்டு வாங்கி, ரசீதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். "பிரேக் பிடிக்கவில்லை" என்ற உங்கள் சொல்லுக்கு அந்தப் பழைய உதிரியைவிடச் சிறந்த சாட்சி இல்லை. விற்ற நிறுவனத்தின் பழுதுபார்ப்பு நிலையத்துக்கும், சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும் எழுதுங்கள். 1969இல் தோன்றி, காலஞ்சென்ற எஸ். எம். முகம்மது இத்ரீஸ் அவர்கள் நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், இந்நகரின் மஸ்ஜித் நெகிரி சாலையிலேயே இருக்கிறது. எழுதத் தயங்குபவர்கள் நேரில் சென்று தமிழிலேயே கூறலாம். ஒரே வகைக் காரைப் பற்றி நிபோங் திபாலிலிருந்து ஒரு கடிதமும், கூலிமிலிருந்து ஒன்றும், சுங்கை சிப்புட்டிலிருந்து ஒன்றும் வருமானால் அதிகாரியின் மேசையில் அவை மூன்றும் ஒன்றாகச் சேரும்.

இப்போது உங்களை வெளியே அழைத்துச் செல்லவிருக்கிறேன். மண்டபத்தின் பின்புறம் நம் இலாகாவின் கார் நிற்கிறது. இயந்திரத்தை நிறுத்திய நிலையில், மிதி இறுகும் வரை நான்கைந்து முறை மிதிக்க வேண்டும். காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். பூஸ்டர் நல்ல நிலையில் இருந்தால், இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மிதி காலுக்கடியில் சிறிது கீழே இறங்கும். இறங்காவிட்டால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். ஓட்டுநர் உரிமம் இல்லாத தாய்மார்களும் உட்கார்ந்து மிதித்துப் பார்க்கலாம். கியர் நியூட்ரலில் இருக்கிறது, கைப்பிரேக் இழுக்கப்பட்டிருக்கிறது, சக்கரங்களுக்குக் கட்டையும் வைத்திருக்கிறோம். ஐந்து ஐந்து பேராக வாருங்கள். மதியப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு முதலிடம் கொடுங்கள்.